உங்கள் மரப்பாச்சிக்கு எங்கள் சிந்தி

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கொலு வைக்கும் வீட்டாருக்கு,



நவராத்திரி நெருங்கிவிட்டது. இன்னும் சில வாரங்களில் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கிவிடுவீர்கள். செட்டியாரும் தசாவதாரமும் செய்தித்தாள் சுற்றிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே மரப்பாச்சி ஜோடியைத் தேடி எடுப்பீர்கள். மகாளய அமாவாசையன்று கலசத்தோடு மேல்படியில் ஏறுவது அந்த ஜோடிதான். வருஷத்துக்கு ஒருமுறை அதற்குப் புதுத்துணி கட்டியாக வேண்டும். அந்தத் துணியைப் பற்றித்தான் உங்களிடம் நேரே பேச வந்திருக்கிறேன்.

நான் தாராவியில் தையல் வேலை செய்கிறவள். பகலில் ஒரு காலாவில் (சின்னப் பட்டறையில்) பீஸ் ரேட்டுக்குச் சட்டைக் காலர் தைக்கிறேன். மற்ற நேரத்தில் பொம்மைகளுக்கு உடை தைக்கிறேன். மரப்பாச்சிக்குப் புடவையும் வேட்டியும், தவழும் கிருஷ்ணருக்குச் சின்னச் சின்ன உடுப்பு, குழந்தைகள் கேட்கும் தேவதைப் பொம்மைகளுக்குச் சருகிலும் துண்டுத்துணியிலும் பாவாடையும் சிறகும். இந்த வேலை தெரிந்த பெண்கள் எங்கள் சந்துகளில் இன்னும் பலர் இருக்கிறார்கள். எங்கள் கைவேலை உங்களில் பலருடைய வீட்டுப் படிகளில் நிற்கிறது. அது எங்கள் கைவேலை என்று உங்களுக்குத் தெரியாது. நடுவில் ஒரு கடையோ ஓர் அறிமுகமோ இருந்துவிடுகிறது.

முதலில் விலையைப் பேசிவிடுகிறேன், மனத்தில் வெகுநாளாக உறுத்துவது அதுதான். "இத்தனூண்டு துணி. இதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறீர்கள். கேட்பது நியாயம் போலத்தான் தோன்றும். ஆறு கஜப் புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தருவதற்கு ஒரு கூலி இருக்கும்போது, உள்ளங்கையில் அடங்கும் உடைக்கு அதைவிட அதிகம் ஏன் தர வேண்டும்? துணியின் அளவைப் பார்த்துக் கூலியைக் கணக்குப் போடுவதால் வரும் கேள்வி இது. பொம்மை உடையில் அளவு குறையக் குறைய வேலை கூடும். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஐந்தேகால் அடிப் பெண்ணுக்கு ஐந்தரை மீட்டர் புடவை. ஒரு சாண் உயர மரப்பாச்சி அவளில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. கணக்குப்படி முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும் ஆறரை அங்குல அகலமும் போதும். ஆனால் பொம்மைதான் ஏழில் ஒன்றாகும், நூல் ஆகாது. துணியின் கனம் உங்கள் இடுப்பில் இருந்த அதே கனம்தான். நீங்கள் கட்டும் பட்டிலேயே கொசுவம் வைத்தால் பொம்மையின் வயிறு நிறைமாதம் போலப் புடைத்து நிற்கும். அதனால் பொம்மைக்கு வேறு துணி தேட வேண்டும். பலமுறை துவைத்து மெலிந்த மல் வேட்டி, ஷிஃபான் துப்பட்டாவின் ஓரம், நைந்த பட்டு. கொசுவத்தின் உள்பக்கத்தை வெட்டிக் குறைக்க வேண்டும். மடிப்பு நிற்பதற்கு நீர்த்த அரிசிக் கஞ்சியில் நனைத்து, நூலால் கட்டி, ஓர் இரவு காய விட வேண்டும்.

கரைக்கும் இதே சிக்கல்தான். நாலு அங்குல காஞ்சிபுரம் பார்டர் மரப்பாச்சிக்குப் பாதங்களிலிருந்து இடுப்புவரை ஏறிவிடும். ஆகவே பார்டருக்குள் ஓடும் ஒற்றைக் கோட்டை மட்டும் பிரித்தெடுத்துத் தைக்க வேண்டும். வெட்டிய பட்டு உடனே நூல்நூலாகப் பிரியத் தொடங்கும். வழக்கமான தையலில் அரை அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கலாம். இங்கே இரண்டு மில்லிமீட்டர் விட்டாலே அதிகம். அதனால் வெட்டப்போகும் கோட்டில் முன்கூட்டியே மைதாப் பசையை மெல்லத் தடவி, காய்ந்த பிறகு கத்தரி வைப்போம். ஜூகி தையல் மெஷினில் கொடுத்தால் ஊசித் தகட்டின் ஓட்டை வழியாகத் துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடியில் செய்தித்தாள் வைத்துத் தைத்துவிட்டுத் தாளைக் கிழித்தெடுக்கலாம், அதுவும் நேர்க்கோட்டுக்கு மட்டும்தான் உதவும். மற்றதெல்லாம் கைத்தையல். இன்னொன்று, மரப்பாச்சிக்குக் கை உடம்போடு ஒட்டியே செதுக்கப்பட்டிருக்கும். நமக்குப் போடுவது போல ரவிக்கையைக் கைவழியாக ஏற்ற முடியாது. இரண்டு பாதியாக வெட்டி, பொம்மையின் மேலேயே வைத்து, முதுகில் தைத்து மூட வேண்டும்.

இவ்வளவையும் செய்து முடிக்க அரை நாள் ஆகும். நீங்கள் தருகிற பணத்தில் நடுவில் நிற்பவருக்குப் போக எங்களுக்கு வருவது காலர் தைத்தால் கிடைக்கும் கூலியைவிடக் குறைவு. அப்படியும் செய்கிறோம். இந்த வேலையில் கை பேசுகிறது, காலரில் பேசுவதில்லை. அந்த ஆசையையே சாக்காக வைத்து விலையை இன்னும் குறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது மனக்குறை, எங்களை விட்டுவிட்டு நீங்கள் வாங்கப்போகும் ரெடிமேட் உடைகள். பளபளக்கும் நைலான் வலை, பிளாஸ்டிக் சம்கி, பின்னால் ஒரு எலாஸ்டிக். பல உடைகளில் தையலே இருக்காது, எல்லாம் சூட்டுப் பசை. ஒன்பது நாள் முடிந்து கழற்றும்போது பசை மரத்தில் தங்கிவிடும், மினுமினுப்புத் தூள் படியிலும் பாயிலும் குழந்தைகளின் விரலிலும் தங்கிவிடும். உங்கள் பாட்டி காலத்து மரப்பாச்சி செம்மரத்தில் செதுக்கியது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அதை இழைத்துப் பற்றுப் போட்ட வீடுகள் உண்டு. பல் முளைக்கும் குழந்தை அதைக் கடித்து விளையாடியிருக்கிறது. கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு சீராகப் போன பொம்மை அது. இன்று செம்மரம் வெட்டவும் விற்கவும் கடுங்கட்டுப்பாடு, நினைத்தாலும் அப்படியொன்றை எளிதில் வாங்க முடியாது. அதன்மேலா சூட்டுப் பசை?

இந்தத் தூள் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் உதிரிப் பிளாஸ்டிக் மினுக்குத் தூள் விற்பனையைத் தடுத்துவிட்டது. கழுவினால் சாக்கடைக்கும் கடலுக்கும் போகும், அங்கே மக்காது என்பதுதான் காரணம். நம் நாட்டிலும் 2022 ஜூலை 1 முதல் அலங்காரத் தெர்மாக்கோலுக்குத் தடை இருக்கிறது. கொலுவில் தெர்மாக்கோல் கோபுரம் வைத்துப் பழகிய வீடுகள் அதை விட்டு அட்டைக்கும் மரத்துக்கும் மாறத்தான் செய்தன. அதே மனத்தோடு உடையிலும் மாறலாம்.

செம்பூர்க்காரர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. எங்கள் தையல் காலாக்களில் வெட்டி விழும் துணியை நாங்கள் சிந்தி என்போம். சிந்தியில் எல்லாம் குப்பைக்குப் போவதில்லை. வெள்ளைப் பருத்திப் பனியன் துணியை மெஷின் துடைக்க வாங்கிப் போவார்கள். கொஞ்சம் பெரிய துண்டுகள் ஒட்டுத்துணிப் போர்வையான கோதடிக்குப் போகும், தூள்தூளானது மெத்தைக்குள் திணிக்கப் போகும். யாரும் கேட்காதது ஜரிகை கலந்தது, சம்கி தைத்தது, வழவழக்கும் சாட்டின், ஷிஃபான், வலைத்துணி. துடைத்தால் எண்ணெயை உறிஞ்சாது, கோதடியில் வைத்தால் வழுக்கும். கல்யாண சீசனிலும் கர்பா சீசனுக்கு முன்னும் அது மூட்டை மூட்டையாகக் குவியும். தேவதைப் பாவாடைக்கும் மரப்பாச்சிப் புடவைக்கும் இதைவிடப் பொருத்தமான துணி உலகத்தில் கிடையாது. அதுதான் முனிசிபாலிட்டி வண்டியில் ஏறுகிறது.

அந்த வண்டிகள் போகுமிடம் உங்களுக்குத் தெரியும். தேவ்னார் குப்பைமேடு 1927-லிருந்து இந்த நகரத்தின் எச்சிலை வாங்கிக்கொண்டிருக்கிறது. 2016 ஜனவரி கடைசியில் அது பற்றி எரிந்தபோது புகை நாட்கணக்கில் கோவண்டியையும் செம்பூரையும் மூடியது. அந்த மேட்டில் எங்கள் பாலியெஸ்டர் சிந்தியும் இருந்திருக்கும், உங்கள் வீட்டுப் பழைய பிளாஸ்டிக் மாலையும் இருந்திருக்கும். பொம்மை உடைகளால் தேவ்னார் குறைந்துவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஒரு கொலுவுக்குத் தேவை ஒரு கைப்பிடி. ஆனால் புதிதாகப் பிளாஸ்டிக் உடை வாங்கும் ஒவ்வொரு வீடும் அந்த மேட்டுக்கு ஒன்றைக் கூட்டுகிறது, சிந்தியில் தைத்த உடையை எடுக்கும் வீடு ஒன்றைக் குறைக்கிறது. எந்தப் பக்கம் நிற்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இங்கே உங்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. "அம்பாளுக்கு வைக்கிற கொலு. அதில் போய்க் குப்பைத் துணியா?" ஒரு மாமி என்னிடம் நேரிலேயே கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சிந்தி யாரும் உடுத்திக் கழித்த துணி கிடையாது. கட்டிங் மாஸ்டர் புதுத் துணித் தானை விரித்து, அடுக்கி, சட்டையின் கை வளைவை வெட்டும்போது பக்கத்தில் விழும் பிறைத் துண்டு அது. எந்த உடம்பும் அதைத் தொட்டதில்லை. கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்குகிறீர்களே, அதே தானின் அதே நூல். அந்தப் பிறை வடிவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் உள்வளைவைப் பொம்மையின் இடுப்பில் வைத்துச் சுற்றினால் சுருக்கம் வைக்காமலே பாவாடை தானாக விரிந்து நிற்கும். பெரிய துணி வாங்கி அந்த வளைவை வெட்டுவதற்கு மெனக்கெட வேண்டும். எங்களுக்கு அது தரையில் கிடைக்கிறது.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். அம்மாவுடைய, மாமியாருடைய கல்யாணப் புடவை மடித்த இடமெல்லாம் இற்றுப்போய் அங்கே இருக்கும். கட்ட முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. பழைய பட்டுப்புடவைக்குப் பணம் தருகிறேன் என்று வீடு தேடி வருகிறவரிடம் கடைசியில் கொடுத்துவிடுவீர்கள். அவருக்குப் புடவை வேண்டாம். பட்டு இழைமேல் சுற்றிய தட்டை வெள்ளிக் கம்பி, அதன்மேல் பொன் முலாம், இதுதான் பழைய ஜரிகை. அந்த வெள்ளிக்காகப் புடவையை எரித்துவிடுவார்கள். எரிவதற்கு முன் அதிலிருந்து முழநீளத் துண்டு ஒன்றை எங்களிடம் கொடுங்கள். இற்றுப்போன மெலிந்த பட்டுதான் எங்களுக்கு வேண்டியது. கனம் குறைந்திருப்பதால் கொசுவம் அழகாக விழும். உங்கள் அம்மாவின் புடவை மரப்பாச்சியின் மேல் ஏறி இன்னும் ஐம்பது நவராத்திரி பார்க்கும்.

இப்போது குழந்தைகளைப் பற்றி. கொலு வைத்த வீட்டில் அவர்கள் அதிகம் கேட்கும் சொல் "தொடாதே." ஒன்பது நாளும் எட்ட நின்று பார்த்துவிட்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கென்று இருந்த இடம் கீழே தரையில் போடும் பார்க் மட்டும்தான். மணலில் கடுகும் கேழ்வரகும் முளைக்க வைத்துப் புல்வெளி ஆக்குவோம், கண்ணாடித் துண்டைக் குளமாக்குவோம். இப்போது அதுவும் பல வீடுகளில் பிளாஸ்டிக் புல் விரிப்பாகிவிட்டது. அந்தப் பார்க்கைக் குழந்தைகளிடம் திருப்பிக் கொடுங்கள். அவர்களுக்குத் தேவதைகள் பிடிக்கும், பிறந்தநாள் கேக்கிலிருந்து பள்ளி மாறுவேடம்வரை தேவதைதான். இருக்கட்டும். கடையில் வாங்கிய சிறகுக்குப் பதிலாக அவர்களையே செய்யச் சொல்லுங்கள்.

அதற்கான பொருள் உங்கள் வாசலிலேயே கிடக்கிறது. அரச இலையைத் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் மெதுவாகத் தடவினால் சதை கரைந்து நரம்பு வலை மட்டும் மிஞ்சும். அதைவிட நல்ல சிறகை எந்தத் தொழிற்சாலையும் செய்ததில்லை. மழைக்காலத்தில் புட்டா விற்பவர் உரித்துப்போடும் சோளத் தோகையை ஈரமாக மடித்துக் கட்டினால் காய்ந்த பிறகு அந்த மடிப்பிலேயே நிற்கும், பாவாடைக்கு உகந்தது. தென்னம்பன்னாடை கடவுளே நெய்து வைத்த வலைத்துணி, ஊறவைத்தால் இளகும், கத்தரிக்குப் படியும், மேலங்கிக்கு ஆகும். வெங்காயச் சருகைக் கொதிக்கவைத்துப் படிகாரம் சேர்த்தால் பருத்தித் துண்டு செம்பழுப்பாகும். பூ கட்டும் வாழைநார் இடைக்கச்சை. நெல்லும் மிளகும் வெண்டை விதையும் கோத்தால் நகை. குன்றிமணி மட்டும் வேண்டாம், பார்க்க அழகுதான், உடைந்து வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

தசரா முடிந்த மறுநாள் இந்த நகரத்தின் எல்லாத் தெருவிலும் செண்டுப்பூத் தோரணங்கள் வாடிக் குவிந்து கிடக்கும். அந்த இதழ்களை உலர்த்தி வைத்தால் அடுத்த வருஷத்துக்கான மஞ்சள் சாயம் தயார். இதே மும்பையில் அடிவ் ப்யூர் நேச்சர் என்ற சாயப்பட்டறை சித்திவிநாயகர் கோயிலில் சேரும் பூக்களிலிருந்து சாயமெடுத்துத் துணிக்கு வண்ணம் ஏற்றுகிறது. அவர்கள் கஜக்கணக்கில் செய்வதை நாம் விரற்கடைக் கணக்கில் செய்யலாம்.

வெள்ளைக்காரக் குழந்தைகளின் விளையாட்டு நமக்கெதற்கு என்று தாத்தாக்கள் யாரும் கேட்டால் இதைச் சொல்லுங்கள். சங்க காலத்துப் பெண்பிள்ளைகள் இலையும் பூவும் சேர்த்துத் தொடுத்த தழையாடை உடுத்தினார்கள். பஞ்சாய்க் கோரையில் பாவை செய்து விளையாடினார்கள். இரண்டுமே பழம்பாடல்களில் இருக்கின்றன, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்த மண்ணில் பொம்மை பிறந்ததே புல்லிலும் மணலிலும்தான். வெள்ளைக்காரர்களிடமும் கற்க ஒன்று உண்டு. 1923-ல் வெளிவந்த மலர்த் தேவதைப் புத்தகத்தை வரைந்த சிசிலி மேரி பார்க்கர், இங்கிலாந்தின் குரோய்டனில் தன் அக்கா நடத்திய மழலைப் பள்ளியின் பிள்ளைகளை மாதிரியாக உட்காரவைத்து வரைந்தவர். ஒவ்வொரு தேவதைக்கும் உண்மையாகவே ஓர் உடை தைத்தார், குச்சியும் மெல்லிய துணியும் கொண்டு சிறகு கட்டினார். படம் முடிந்ததும் உடையைப் பிரித்து அதே துணியில் அடுத்த தேவதைக்குத் தைத்துக்கொண்டார். உலகமெங்கும் குழந்தைகள் பார்த்த அந்தத் தேவதைகள் ஒரே துணியைத்தான் மாற்றி மாற்றி உடுத்தியிருந்தார்கள்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கா. இந்தப் பக்கம் நாங்கள் இருக்கும் இடத்துக்கு மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று பெயர். ஊர்ப்பெயர்கூட ஒன்றுதான். உங்கள் முன்னோர் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஆபீஸ் வேலைக்கு வந்தார்கள், எங்கள் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் மூட்டை தூக்கவும் வந்தார்கள். இரண்டு பேருமே தமிழை மூட்டை கட்டி எடுத்துவந்தவர்கள். அதற்குப் பிறகு இத்தனை தலைமுறையில் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போனது எத்தனை முறை?

எங்களுக்கும் நவராத்திரி உண்டு. எங்கள் ஊர்ப்பக்கம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு அது தசரா. விரதமிருந்து காளியாக, குறத்தியாக, ராஜாவாக, பிச்சைக்காரராக வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். கடைசி நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம். அந்த வேஷங்களுக்குத் தைத்துப் பழகிய கைகள்தான் எங்கள் அம்மாக்களின் கைகள். நீங்கள் பொம்மைக்கு அலங்காரம் செய்து அம்பாளைப் பார்க்கிறீர்கள், நாங்கள் எங்களுக்கே அலங்காரம் செய்துகொண்டு அவளைப் பார்க்கிறோம். ஒரே பத்து நாள், ஒரே தாய். உங்கள் வீட்டுக் கொலுவுக்கு அக்கம்பக்கத்தார் எல்லாரையும் கூப்பிடுகிறீர்கள், குங்குமமும் வெற்றிலைப்பாக்கும் தருகிறீர்கள். அந்தக் கொலுவின் மேல்படிப் புடவையைத் தைத்தவளை மட்டும் கூப்பிடுவதில்லை. எங்களில் சிலர் உங்கள் வீடுகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் சுண்டல் கிடைக்கிறது, சமையலறைப் பக்கம். பாயில் உட்கார்த்தி, "ஒரு பாட்டுப் பாடேன்" என்று கேட்ட வீடுகள் இருந்தால் அவர்களுக்கு என் நமஸ்காரம். மற்றவர்கள் யோசியுங்கள்.

இதை இந்த வருஷமே சொல்ல வேண்டிய அவசரமும் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்பு டெண்டர் 2022 நவம்பரில் முடிவானது. 2024-லிருந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இங்கேயே வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே இடம். தையல் காலாக்களும் பொம்மைக்குத் தைக்கும் பெண்களும் பெரும்பாலும் இருப்பது இரும்பு ஏணி ஏறிப்போகும் மாடிகளில்தான். நாங்கள் எங்கே போவோம், எங்களோடு சிந்தி மூட்டைகள் வருமா, இந்தக் கைவேலை வருமா என்று சொல்ல யாருமில்லை. இன்று மாட்டுங்காவிலிருந்து நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருக்கிறோம். நாளைக்கு அப்படி இருப்போமா என்பது எங்கள் கையில் இல்லை.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

இந்த நவராத்திரிக்கு உங்கள் கொலுவில் ஒரு படியாவது பிளாஸ்டிக் உடை இல்லாத படியாக இருக்கட்டும். மரப்பாச்சிக்குச் சிந்தியிலோ உங்கள் வீட்டுப் பழம் பட்டிலோ கையால் தைத்த துணி கட்டுங்கள். உங்களுக்கே தைக்க வருமானால் நீங்களே தையுங்கள். வராதென்றால் எங்களிடம் கொடுங்கள். கொடுக்கும்போது துணியை அளக்காமல் நேரத்தை அளந்து கூலி தாருங்கள். ஒரு பெண்ணின் அரை நாளுக்கு உங்கள் அலுவலகத்தில் என்ன மதிப்போ அதைக் கேட்கவில்லை, தாராவித் தையல் காலாவின் அரை நாள் கூலிக்குக் குறையாமல் கேட்கிறேன்.

சபாக்களையும் சமாஜங்களையும் நடத்துகிறவர்களே, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உங்களிடம் மண்டபங்கள் இருக்கின்றன. கச்சேரி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை எங்களுக்குத் தாருங்கள். பெட்டி நிறையச் சிந்தியும் சருகும் விதையும் கொண்டுவருகிறோம். உங்கள் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து பொம்மைக்குத் துணி கட்டட்டும். சொல்லிக்கொடுக்க வருகிற பெண்களுக்குப் பாட்டு வாத்தியாருக்குத் தருவது போலச் சம்பளம் தாருங்கள். நன்கொடையாக வேண்டாம், பழைய துணிகளை மூட்டை கட்டிக் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். 2015-ல் தாராவியில் ஸ்னேஹா அமைப்பு நடத்திய பியனாலே கலைவிழாவில் எங்கள் மக்கள் செய்த கலையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்தார்கள். மாட்டுங்காவிலிருந்து வருவதற்கு விசா தேவையில்லை.

வெற்றிலைப்பாக்கோடு கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாக இந்த முறை ஒரு சுருக்குப்பை கொடுங்கள். சிந்தியிலேயே தைக்கலாம், வாங்கியவர் வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்.

கடைசியாக, மேல்படிப் புடவையைத் தைத்தது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்காரரிடம் கேளுங்கள், நடுவில் நிற்பவரிடம் கேளுங்கள். அவள் பெயர் தெரிந்ததும் கொலுவுக்கு அழையுங்கள், முன்வாசல் வழியாக, ஏதாவது ஒரு நாள் மாலை, பிள்ளைகளோடு. ஒரு கட்டிடத்தில் ஒரு வீடு அழைத்தாலும் போதும், அடுத்த வீடு பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

தைப்பதற்கு எங்களுக்கு நாள் வேண்டும். இலை ஊறவும், கஞ்சி போட்ட கொசுவம் காயவும், இருக்கிற ஆர்டர்களுக்கு நடுவே கை ஒழியவும் வேண்டும். அமாவாசைக்கு முந்தின நாள் ஓடிவந்தால் எங்களால் முடியாது, நீங்கள் மறுபடி அந்தப் பசை ஒட்டிய உடைக்குத்தான் போவீர்கள். ஆவணி முடிவதற்குள் சொல்லுங்கள். பொம்மையின் உயரம், சுற்றளவு, என்ன நிறம், உங்கள் பட்டா எங்கள் சிந்தியா, எந்த நாள் மாலை எங்களை வரச்சொல்கிறீர்கள், இவ்வளவும் ஒரு தாளில் எழுதி அனுப்பினால் போதும்.

அன்புடன்,
தாராவியிலிருந்து ஒரு தையல்காரி